சோஹார் கடற்கரையில் ஒரு கவளம்

பிணம் கறுப்பாக இருந்தது.

கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்து விறைத்துக் கிடந்தன. அலகின் ஓரத்தில் நுரை!

"யா அல்லாஹ்! காக்கா செத்துப் போச்சுடா!" அலறினார் கௌஸ் முகைதீன்.

சிவசங்கரன் அலறவில்லை. கையிலிருந்த சோற்றுத் தட்டைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு கவளம் குறைந்திருந்தது.

அந்தக் கவளம் இப்போது காகத்தின் வயிற்றில்...!

சோஹாருக்கு வடக்கே ஆளரவமற்ற கடற்கரை. உச்சி வெயில். ஒரு வாடகை கேம்பர்வேன். முப்பது வருட நண்பர்கள் மூவர். இத்தாலியில் மத்தியதரைக் கடலோரமாக ஓட வேண்டிய பயணம் அது. விசா கிடைக்காததால் துபாயிலிருந்து ஓமன் பக்கம் திரும்பிவிட்டது.

கௌஸ், காயல்பட்டினத்துக்காரர். துபாய் தேராவில் மசாலாக் கடை. பாலமுரளிக்கு ஷார்ஜாவில் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி; மருந்துப் பை எங்கே போனாலும் கூடவே வரும். அவர் மகன் முகிலனுக்கும் சிவசங்கரன் - ஜலஜா தம்பதியின் மகள் சம்யுக்தாவுக்கும் அடுத்த மாதம் கல்யாணம்.

நேற்று மாலை வரை அப்படித்தான் இருந்தது!

ஹத்தா எல்லையைத் தாண்டியதும் சவுதியிலிருந்து சிவசங்கரனுக்கு ஒரு போன். யான்புவில் நர்ஸாக இருக்கும் தன்யா என்ற பெண். "சார்... முகிலன் என் புருஷன். ரெண்டு வருஷமாச்சு" என்று அழுதாள். கல்யாணப் போட்டோவும் வந்தது.

சிவசங்கரன் வண்டிக்குள்ளேயே அறிவித்துவிட்டார்.

"துபாய் போனதும் கல்யாணத்தை நிறுத்துறேன். ஏன் நிறுத்தினேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லுவேன்."

"அந்தப் பொண்ணு பொய் சொல்றா!" என்று துடித்தார் பாலமுரளி. கௌஸ் வாயில் கை வைத்து உறைந்து போனார்.

இன்று அமாவாசை. சிவசங்கரன் கடலில் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தார். சாப்பிட்டதும் திரும்பிவிடுவது என்று முடிவு. காகத்துக்கு வைக்காமல் சிவசங்கரன் சோற்றில் கை வைக்க மாட்டார். வைத்தார். காகம் வந்தது... தின்றது... விழுந்தது!

"வெயில்ல மயங்கியிருக்கும்டா. நீ சாப்பிடு, ஆறிடும்" என்றார் பாலமுரளி.

"நீ ஒரு வாய் சாப்பிடேன்."

"நான்... நான்தான் வெங்காய சாம்பார் சாப்பிட்டேனே!"

"ஆமா. எனக்கு மட்டும் வெங்காயம் இல்லாம தனிப் பாத்திரம். சமைச்சது நீ."

"பரிமாறினது கௌஸ்!"

"அடேய்!" கௌஸ் கொதித்தார். "யாரைப் பார்த்து என்ன பேசுறே? குடு சிவா அந்தத் தட்டை! நான் சாப்பிடுறேன்!"

பாய்ந்து சோற்றை அள்ளினார். சிவசங்கரன் அவர் கையைத் தட்டிவிட்டார். சோறு மணலில் சிதறியது.

உயிரைக் கொடுக்கத் துணிகிற நண்பன்!

பாலமுரளியின் முகத்தில் வியர்வை.

"முரளி... அமாவாசைக்கு எத்தனை தடவை எங்க வீட்ல சாப்பிட்டிருக்கே! எங்க வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"நீ எங்கடா காக்காவுக்கு வச்சே? ஒரு தடவை கூட நான் பார்த்ததே இல்ல! பார்த்திருந்தா நான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது!

"வீட்ல ஜலஜா வைப்பா. நீ சோத்துக்கு வந்து உட்கார்றதுக்கு முன்னாடியே பால்கனியில வச்சிடுவா." சிவசங்கரனின் முதுகு நிமிர்ந்தது. "ஏன்டா?"

"பின்னே என்ன பண்ணச் சொல்றே?" பாலமுரளி வெடித்தார். "தன்யாவைச் சரிக்கட்டிடலாம். உன்னைச் சரிக்கட்ட முடியுமா? நாலு பேர் முன்னாடி என் வீட்டு மானம்..."

"உன் வீட்டு மானத்தை உன் பையன் யான்புல தொலைச்சான். அதுக்கு என் வீட்டு மானத்தைக் கடன் கேக்கறியா?"

பாலமுரளி வேனை நோக்கி ஓடினார். கௌஸ் துரத்திப் போய்க் காலை இடறிவிட்டார். குப்புற விழுந்தவரின் கைகளைக் கூடாரக் கயிற்றால் கட்டினார்.

"கலாஸ்! முடிஞ்சுது. இனி அசைய மாட்டான்."

"கௌஸ்... இனிமே எனக்கு நீ ஒருத்தன் போதும்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்யாவுக்குப் போன் போட்டார் சிவசங்கரன். ஸ்பீக்கரில் வைத்தார்.

"உன் மாமனார் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார்மா. நீ சொன்னது நிஜம்னு என் வீட்ல நானே சொல்றேன்."

மறுமுனையில் விசும்பல். கௌஸுக்கு மனம் தாங்கவில்லை.

"அழாதே தாயி... நாங்க இருக்கோம்."

விசும்பல் சட்டென்று நின்றது.

"கௌஸ் மாமாவா? நீங்களும் அங்கதான் இருக்கீங்களா?"

கௌஸின் முகம் வெளுத்தது.

"திருச்செந்தூர்ல எங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானே மாமா! நிச்சயதார்த்தம்னு கேள்விப்பட்டதும் உங்ககிட்டதானே முதல்ல அழுதேன்! சார்கிட்ட சொல்றேன்னு சொன்னீங்களே... ஏன் சொல்லல?"



சிவசங்கரன் போனை அணைத்தார். மெதுவாகத் திரும்பினார்.

"சிவா... முகிலன் என் மடியில வளர்ந்த பிள்ளைடா. கால்ல விழுந்து அழுதான். எப்படியாவது சரியாயிடும்னு..."

"என் பொண்ணு யார் மடியிலடா வளர்ந்தா?"

கௌஸ் மணலைப் பார்த்தார்.

"முரளியாவது ஒரு வேளைச் சோத்துலதான் விஷம் வச்சான். நீ நிச்சயதார்த்தப் பந்தியில என் பக்கத்துல உட்கார்ந்து பாயசம் குடிச்சியே!"



சிவசங்கரன் சட்டையிலிருந்த மணலைத் தட்டினார். போலீஸ் எண்ணை அழுத்தினார். இடத்தைச் சொன்னார். நடந்ததைச் சொன்னார்.

மறுமுனையில் இருந்தவர் ஹிந்தியில் கேட்டார். தனியாகவா இருக்கிறீர்கள்? நண்பர்கள் யாரும் உடன் இல்லையா?

ஒருவர் கட்டுண்டு கிடந்தார். இன்னொருவர் தலை குனிந்து நின்றார். இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அதே ஹிந்தியில் பதில் சொன்னார் சிவசங்கரன்.

"மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்தாங்க சார்!"