காப்ரி போகும் படகில் ஒரு காலி இடம்

நாளைக்குக் காப்ரித் தீவுக்குப் போகும் படகில் மிச்சமிருந்த அந்த ஓர் இடத்தை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று படகுக்காரர் கத்தெல்லோ அனுப்பியிருந்த செய்தியை, எண்ணெய்ப் பிசுக்குள்ள கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளி, நுன்சியா மறுபடி படித்தாள். அடுப்பில் கத்திரிக்காய் வில்லைகள் பொரிந்துகொண்டிருந்தன. ஜன்னல்களின் மரக்கதவுகள் எல்லாம் இழுத்துச் சாத்தப்பட்டு, இடுக்குகள் வழியே வெயில் கோடுகோடாகத் தரையில் கிடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஊரே படுத்துவிடும் உச்சிவேளை. நாய்கூட நடமாடாது. அந்த இடம் காலியாக இருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னது சற்றுமுன்தான், கத்தெல்லோவைத் தவிர ஆளில்லாத படகுத்துறையில். அதற்குள் யார்?

இந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கையில் கொஞ்சம் தாராளம் இருக்கும் நாளில், காபி குடிக்க வருகிறவர் ஒன்றைக் குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார். இரண்டாவது காபி அப்படியே கணக்கில் நிற்கும். பிறகு காசில்லாத ஒருவர் கடை வாசலில் தலையை நீட்டி, ஏதாவது நிற்கிறதா என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போவார். கொடுத்தவர் யாரென்று குடிப்பவருக்குத் தெரியாது. குடிப்பவர் யாரென்று கொடுத்தவர் கேட்கக் கூடாது. கேட்டால் அது பிச்சையாகிவிடும். கேட்காதவரைதான் அதற்கு அழகு. நுன்சியா படகை நாள் முழுக்க வாடகைக்குப் பேசியிருந்தாள். அவள், மகள், அண்ணன், அண்ணி எல்லாம் ஏறியும் ஓர் இடம் மிஞ்சியது. கத்தெல்லோ எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, அவள் துறையின் கம்பியில் சாய்ந்து, கடலைப் பார்த்தபடி, எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"அந்த இடம் நிக்கட்டும் கத்தெல்லோ! யாருக்கு வேணுமோ வந்து உக்காரட்டும்."

சந்தோஷத்தில் சொன்ன சொல். மகள் மார்த்தினாவுக்கு வாக்குக் கொடுத்த காப்ரிப் பயணம் போன கோடையில் ஹோட்டல் சலவை வேலையால் தவறியது. அதற்கு முந்தைய கோடையில் காற்றால். திங்கட்கிழமை குழந்தை வடக்கே தூரின் நகரில் இருக்கும் அப்பாவிடம் திரும்புகிறாள். நீதிமன்றம் கோடையை மட்டும்தான் நுன்சியாவுக்குக் கொடுத்திருந்தது. "நீ சும்மா சொல்லுவம்மா," என்று இந்த வருடம் வந்து இறங்கியதுமே மார்த்தினா சொல்லிவிட்டாள். கோபமாகக்கூட இல்லை, ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

ஆகவே இந்த முறை எதுவும் தவறக் கூடாது. ஆனால் காலையிலிருந்து எல்லாமே வழுக்கிக்கொண்டே இருந்தது. காப்ரியில் படகு கட்ட இடம் கேட்டுப் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. அண்ணி லொரெடானா புறப்படும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள். இப்போது இது வேறு. நுன்சியா அடுப்பைத் தணித்துவிட்டுக் கத்தெல்லோவைக் கூப்பிட்டாள்.

"யாரு எடுத்தது?"

"அதக் கேக்கக் கூடாது சிஞோரா. நீங்கதான சொன்னீங்க, யாருக்கு வேணுமோன்னு."

"பேரு கேக்கல. ஆம்பளையா பொம்பளையா, வயசானவங்களா? சாப்பாடு கட்டணுமில்ல?"

"காபிக் கடைல தித்தினாகிட்ட சொல்லியிருக்காங்க. நான் பாக்கல."

அடுத்துக் கூப்பிட்டபோது தித்தினா தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்தாள். "எங்கிட்டயா? ஏ நுன்சி, கத்தெல்லோதான எனக்கு போன் பண்ணிச் சொன்னான், யாரோ வந்து கேட்டாங்கன்னு! நான் கடையச் சாத்திட்டு வந்து படுத்தாச்சு. இந்த நேரத்துல எவ வெளிய நிப்பா?"

மறுபடி கத்தெல்லோ. லைன் பிஸி. நுன்சியாவுக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. ஒரு காலி இடம், ஒரே ஒரு பலகை, அதில் உட்காரப்போவது யார் என்று சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் வக்கில்லை. அவன் இவளிடம் கேட்டானாம், இவள் அவனிடம் கேட்டாளாம். நடுவில் நேரில் பார்த்தவர் என்று யாருமே இல்லை.

வில்லைகளைத் திருப்பிப் போட்டபோது அவளுக்கு ஒரு வாடை தட்டியது. பொரியும் எண்ணெய்க்கும் துளசி இலைக்கும் அடியில், படகின் அடித்தளத்தில் வெகுநாள் தேங்கிய தண்ணீரின் வாடை. அவள் குனிந்து தொட்டிக் குழாயை முகர்ந்து பார்த்தாள். அங்கிருந்து வரவில்லை. கதவுப் பக்கமாக இருந்தது, மாடிப்படியிலிருந்து.

போன் அடித்தது. கத்தெல்லோ.

"சிஞோரா, அவங்களுக்குச் சாப்பாடு வேணாமாம்."

"பேசினீங்களா?"

"காப்ரில எறங்க மாட்டாங்களாம். நீலக் குகை கிட்ட விட்டாப் போதுமாம். திரும்பி வரலையாம்."

"குகை கிட்ட எங்க விடறது? நெட்டுக்குத்தா பாறை. கால் வைக்கக்கூட எடம் கெடையாதே!"

"அதத்தான் நானும் சொன்னேன்." அவர் குரல் தாழ்ந்தது. "அப்புறம் ஒண்ணு. உங்க பாப்பா பக்கத்துல உக்காரணுமாம்."

நுன்சியா கரண்டியைக் கீழே வைத்தாள். "பாப்பா வருதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நேர்ல வந்தாங்களா, போன்ல பேசினாங்களா? ஒழுங்காச் சொல்லுங்க கத்தெல்லோ!"

படகின் மேல் அலை தட்டும் சத்தம் போனில் கேட்டது. ளக், ளக் என்று.

"படகுலயே படுத்திருந்தேன் சிஞோரா. அரைத் தூக்கம். பேச்சு... பலகைக்குக் கீழேருந்து வந்த மாதிரி இருந்துச்சு." சிரித்துப் பார்த்தார், சிரிப்பு சரியாக வரவில்லை. "வெயிலுதான். மண்டைய இடிக்குது. நான் வீட்டுக்குப் போறேன்."

"அந்த இடம் இல்லன்னு சொல்லிடுங்க. நான் திரும்ப எடுத்துக்கறேன்."

"குடுத்ததத் திரும்ப வாங்கறதா? இந்த ஊர்ல? அப்படிச் சொல்லாதீங்க. யாருகிட்டன்னு போய்ச் சொல்லுவேன் நான்?"

அப்படியானால் பயணமே வேண்டாம் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தவள் நிமிர்ந்தாள். அடுக்களை வாசலில் மார்த்தினா நின்றிருந்தாள். நாளைக்கு என்று எடுத்துவைத்த வைக்கோல் தொப்பியை இப்போதே போட்டுக்கொண்டு, அம்மா அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்பதை முன்பே கேட்டு முடித்தவளைப்போல.

"காலைல பாக்கலாம்," என்று நுன்சியா போனை வைத்தாள்.

"போறோமா, இல்லையா?"

"போறோம்."

"குகைக்கும்?"

"குகைக்கும்." மகளை நாற்காலியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். ஒரு கத்திரிக்காய்த் துண்டை எடுத்துக் காட்டினாள். "இது பாறை. இதோ, தண்ணிக்கு மேல ஒரு சின்ன ஓட்டை. படகுல நாம மல்லாந்து படுத்துக்கணும், அவ்வளவு தாழ்வு. சுவத்துல ஒரு சங்கிலி இருக்கும். அலை எறங்கற அந்த ஒரு நொடில படகுக்காரர் சங்கிலியப் பிடிச்சு இழுப்பாரு. சொய்ங்னு உள்ள."

"உள்ள இருட்டா இருக்குமா?"

"அதான் வேடிக்கை. மேல ஓட்டை சின்னது. தண்ணிக்கு அடில அதவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. வெயிலு அது வழியாப் பூந்து, தண்ணிக்குள்ள நடந்து, கீழேருந்து மேல வருது. மத்த நெறத்த எல்லாம் தண்ணி குடிச்சுடும். நீலம் மட்டும் மிஞ்சும்."

"அப்போ வெளிச்சம் கீழேருந்து வருதா?"

"கீழேருந்துதான்."

சொல்லிவிட்டு நுன்சியா நிறுத்தினாள். வெளிச்சம் வரும் வழி அது. வேறு எதுவும் வரலாம் என்று அதுவரை அவள் நினைத்ததில்லை.

அப்போது லொரெடானா போனில் அழைத்தாள், எடுத்ததுமே தொடங்கிவிட்டாள். "நுன்சி, பத்து மணிக்கு முன்னாடி என்னால முடியாது, சொல்லிட்டேன். உங்க அண்ணனுக்கு முடி வாரவே ஒரு மணி நேரம் ஆகும். இருக்கறதே நாலு முடி!"

"மதியம் ஆனா காத்து கெளம்பிடும் அண்ணி. சீக்கிரம் போனாத்தான் குகை தெறந்திருக்கும். எத்தன தடவ சொல்றது?"

"சரி சரி, கத்தாத. உன் கூட்டாளி உன்ன மாதிரி இல்லப்பா, எவ்ளோ பொறுமை."

"எந்தக் கூட்டாளி?"

"அதான், கூட வர்றவங்க. இப்பதான் பேசினாங்க."

வாசல் பக்கம், கீழே தெருக்கதவிலிருந்து பேசும் இன்டர்காம் ஒலித்தது. மார்த்தினா நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள். நுன்சியா மறு காதைப் பொத்திக்கொண்டாள். "என்ன பேசினாங்க?"

"லைன் சரியில்ல, குழாய்க்குள்ளேருந்து பேசற மாதிரி களகளன்னு. ஆனா என்ன ஒரு அக்கறை! மார்த்தினா எந்தப் பக்கம் உக்காருவா, தூக்கம் வருமா, எல்லாம் கேட்டாங்க."

"அம்மா," என்று மார்த்தினா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "கீழ கூப்பிடறாங்க."

"அண்ணி, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது!"

"என்னடி சொல்ற? உன் பேரச் சொன்னாங்களே. நீதான் வரச் சொன்னன்னாங்க."

"அம்மா, படகப் பாக்க வர்றியான்னு கேக்கறாங்க. போட்டுமா?"

"அண்ணி, வேற என்ன கேட்டாங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"அம்மா! போட்டுமா? அம்மா!"

காலையிலிருந்து சேர்ந்த எரிச்சல் எல்லாம், எடுக்காத போன்களும், மாறிய நேரங்களும், கருகத் தொடங்கியிருந்த கத்திரிக்காயும் ஒன்றாகச் சேர்ந்து வெடித்தது. அவள் திரும்பக்கூட இல்லை. "போ, எங்கயாவது போ! ஒரு நிமிஷம் என்னப் பேச விடு!"

போனில் லொரெடானா யோசித்துக்கொண்டிருந்தாள். "வேறென்ன... ஆங். மார்த்தினாவுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டாங்க."

"நீங்க?"

"தெரியாதுன்னேன். தெரியாதுதான?"

கத்திரிக்காய் கருகும் நெடி. அதற்கு மேலாக அந்த வாடை. இப்போது அடுக்களை முழுக்க.

"மார்த்தினா?"

கூடத்தில் யாரும் இல்லை. இன்டர்காமின் ரிசீவர் வயரில் தொங்கிக் கொஞ்சமாக ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சத்தம் வந்தது. ளக். ளக். வாசற்கதவு திறந்து கிடந்தது. மாடிப்படிக் கற்கள் ஈரமாக இருந்தன. காலடிகள் இல்லை, எதையோ இழுத்த தடமும் இல்லை, வெறும் ஈரம், படி படியாகக் கீழே.

அவள் ஓடினாள். செருப்பில்லாமல். தெருவில் ஒரு நிழல்கூட விழவில்லை. இருபக்கமும் சாத்திய ஜன்னல்கள். மகள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. உச்சிவேளையில் வெளியே கேட்கும் குரலுக்கு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவளும் பார்த்ததில்லை.

துறை. வெள்ளை வெயில். கத்தெல்லோ இல்லை. கடலில் ஓர் அசைவும் இல்லை.

படகு கட்டிய இடத்திலேயே நின்றது. மார்த்தினா அதில் உட்கார்ந்திருந்தாள். கடலைப் பார்த்த பக்கத்துப் பலகையில், விளிம்பை ஒட்டி, தொப்பியோடு.

இருக்கிறாள். இருக்கிறாள். நுன்சியா கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். "எழுந்து வாடி. மெதுவா. எங்கிட்ட வா."

பிறகுதான் கண்ணில் பட்டது.

சின்னப் படகு ஒரு தராசு. ஒரு பக்கம் ஆள் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் தாழும். மறு பக்கம் எழும். குழந்தையாக இருந்தாலும் சரி, விளிம்பை ஒட்டி உட்கார்ந்தால் கட்டாயம் சாயும். அதனால்தான் படகுக்காரர்கள் ஆளைப் பார்த்து இடம் சொல்வார்கள், கனத்துக்குக் கனம் எதிரெதிராக. சாயாமல் நிற்க வேண்டுமென்றால் எதிர்ப் பலகையிலும் அதே கனம் இருக்க வேண்டும்.

படகு சாயவில்லை.

நேராக நின்றது. இரு பக்கமும் தண்ணீர்க் கோடு ஒரே அளவு. எதிர்ப் பலகை காலி. ஈரமாக இருந்தது. அதன்மேல் வெயில் அடித்தும் காயவில்லை.

"மார்த்தினா. வா."

குழந்தை திரும்பினாள். முகம் நிறையச் சிரிப்பு. இரண்டு கோடைகளாக நுன்சியா பார்க்க ஏங்கிய சிரிப்பு.

"அம்மா, நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேணாமாம். இன்னைக்கே போலாமாம்."

கயிறு தளர்ந்து தண்ணீரில் விழுந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. படகுக்கும் துறைக்கும் நடுவே ஓர் எட்டு. பிறகு ஓர் ஆள் நீளம். நுன்சியா கம்பியைத் தாண்டிக் குதிக்கக் காலைத் தூக்கினாள்.

அப்போது ஈரப் பலகை இருந்த பக்கம் மெல்ல மேலே எழத் தொடங்கியது. கனம் எழுந்துவிட்டது. நடுவுக்கு வந்தது. கடந்தது. மகள் இருந்த பக்கம் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, விளிம்பைத் தண்ணீர் தொடும்வரை.

மார்த்தினா தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.