மடி கொடுத்த மாமன்

காதுகுத்து என்றால் மாசிலாமணிக்கு விடிந்ததும் வேலை தொடங்கிவிடும். பட்டு வேட்டி, சீர்த்தட்டு, குழந்தைக்குப் பாவாடை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, போகிற வீட்டுப் பெண்ணின் பெயரை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொள்வார். தங்கை பெயரையே மறந்த அண்ணன் என்று பந்தியில் யாரும் சிரித்துவிடக் கூடாதே.

அவருக்குத் தங்கை கிடையாது. தேனியில் யாருக்குமே கிடையாது. மூன்று தலைமுறையாக வீட்டுக்கு ஒரு பிள்ளை. பல வீடுகளில் அதுவும் இல்லை. அத்தை, சித்தப்பா எல்லாம் அகராதிக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த எந்தத் தாய்க்கும் மனசு வரவில்லை. அதனால் ‘உறவகம்’ என்ற நிறுவனம் மாமன்களை வாடகைக்கு அனுப்பியது. மாசிலாமணி அதில் கைராசிக்காரர்.

உறவே அற்றுப்போகிறதே என்று அரசுக்கும் கவலை. காதுகுத்தில் யார் மடியில் பிள்ளை உட்காருகிறதோ, அவரே சாகும்வரை அதன் தாய்மாமன் என்று சட்டம் போட்டார்கள். மண்டபத்துக்கு மண்டபம் ‘உறவுக்கண்’ என்ற கேமரா அதைப் பார்த்துப் பதிந்துகொள்ளும். வேறு மாமனே இல்லாத ஊரில் இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பொங்கலுக்கு மருமக்கள் அனுப்பும் வாழ்த்துகளை மாசிலாமணி ஆசையோடு படிப்பார்.

அன்றைய பெண் ஹவா, நைஜர் நாட்டுக்காரி. அவள் நாட்டில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். இங்கே தொட்டில்கள் காலி. பிள்ளை பெறக்கூடிய பெண்களை மட்டும் வா வா என்று அழைத்தார்கள். ஆண்களுக்குக் கதவு சாத்தியே கிடந்தது. அப்படி வந்தவள் கதிரேசனைக் கட்டிக்கொண்டு, தாமரையைப் பெற்றாள்.

தாமரை மடியில் உட்கார்ந்தாள், வீறிட்டாள், மாமனின் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். உறவுக்கண் பச்சையாக ஒளிர்ந்தது. ஹவா சிரித்தபடி சுவர்த்திரையைத் திருப்பினாள். அதில் ஏழு ஆண்கள் வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் யாரென்று மாசிலாமணி கேட்டார்.

“என் கூடப்பிறந்தவங்கண்ணே. ஏழு பேரும்.”

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஏழு பேரை அவர் ஒருசேரப் பார்த்ததே இல்லை. வாயைப் பிளந்து நின்றார். கடைசித் தம்பி இத்ரிஸின் தோளில் புறப்படத் தயாராக ஒரு பை தொங்கியது. ஏழு பேரும் அகதி முகாமில் இருக்கிறார்கள், இவன் அடுத்த கோடையைத் தாங்க மாட்டான் என்றாள் ஹவா. பிள்ளையின் தாய்மாமன் ஒருவரை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சட்டத்தில் இடமிருந்தது. மாமியார் அவசரப்படுத்தியதால் சடங்குக்கு மட்டும் வாடகை மாமன். சாயங்காலம் தம்பிக்கு மனுப் போட வேண்டியதுதான் பாக்கி.

மாசிலாமணி குனிந்து தன் மடியைப் பார்த்தார். எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறார். உனக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று எந்தப் பெண்ணிடமும் கேட்டதில்லை. இந்த ஊரில் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். வாடகை மாமனைச் சட்டம் நிஜ மாமனாக எடுத்துக்கொள்ளும் என்று கதிரேசனுக்கும் தோன்றவில்லை.

சட்டப்படி இனி தாமரைக்குத் தான்தான் தாய்மாமன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கதிரேசன் ஓடிப்போய் உறவுக்கண்ணிடம் கேட்டான்.

“தாமரையின் தாய்மாமன் மாசிலாமணி. இடம் நிரம்பிவிட்டது.”

“நான் விட்டுக்கொடுத்திடறேன்,” என்றார் மாசிலாமணி.

“உறவை விட்டுக்கொடுக்க வழியில்லை. மாமனின் மறைவுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்,” என்றது அது, மரியாதை குறையாமல்.

திரையில் தமிழ் தெரியாத ஏழு பேரும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஹவா அவர்களுக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை.

மாமனுக்குத்தான் முதல் இலை. மாசிலாமணி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஹவாவே பரிமாறினாள். கூட்டு வைத்தாள், அப்பளம் வைத்தாள், பாயசம் ஊற்றினாள், பிறகு வாளியோடு அங்கேயே நின்றாள்.

“அண்ணே, உங்களுக்கு என்ன வயசு?”

எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. நாற்பத்தெட்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“அறுபத்தஞ்சு ஆச்சும்மா. நெஞ்சு வலி வேற அடிக்கடி வருது.”

நரையே விழாத அவர் தலையை அவள் பார்த்தாள். பொய் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.