திரைக்குப் பின்னால் ஒரு பேரம்

கடை சாத்தும் நேரமாகிவிட்டது என்று சொல்ல மாடியிலிருந்து இறங்கி வந்த மகள், உள்ளறைத் திரையை விலக்கினாள். பேரம் பேச உட்காரும் அதே நாற்காலியில் அப்பா சாய்ந்திருந்தார். பூதக்கண்ணாடி மடியில் கிடந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. தோளைத் தொட்டாள். ஏசி குளிரில் உடம்பும் சில்லென்றிருந்தது. சுற்றிலும் கண்ணாடித் தட்டுகளில் வெள்ளி ராஜாக்களும் செம்பு ராணிகளும் வரிசையாகப் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அலறிய அலறலுக்கு எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து முதலில் ஓடி வந்தவர் சித்தப்பா.

பழைய நாணயங்கள் வாங்கி விற்கும் அந்தக் கடையில் உள்ளறைக்கு ஒரே வழி, அந்தத் திரைதான். ஜன்னல் கிடையாது. நாற்காலித் திண்டில் எச்சில் கறை இருந்தது. மத்தியானத் தூக்கத்தில் இருந்தவரின் முகத்தில் அந்தத் திண்டை அழுத்திக் கொன்றிருந்தார்கள்.

"எப்ப போச்சு உயிர்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நரைத்த முடியை இறுக்கிப் பின்னிய, குரல் உயராத பெண்மணி.

"நாலா, அஞ்சரையா, உறுதியா சொல்ல முடியாது மேடம்," என்றார் டாக்டர். "இந்தக் குளிர் குழப்புது."

பக்கத்துக் கடைத் தையல்கார அக்காவுக்குக் குழப்பமே இல்லை.

"அஞ்சு மணிக்கு உசிரோடதான் இருந்தாரு. பேசினது சுவரு வழியா கேட்டுச்சு. வாத்தியார் உள்ள போறதையும் பார்த்தேன். இவரு பொண்ணுக்கு நிச்சயமான மாப்பிள்ளை, கண்ணு தானா போகுமில்ல?"

"என்ன பேச்சு?"

"பேரம்தான். இவரு குரல்தான் தெளிவா வந்துச்சு. எதிராளி முனகினது புரியல. 'ராணிக்கு மூக்கே தேஞ்சு போச்சே, எவனோ பளபளன்னு தேய்ச்சுக் கெடுத்திருக்கான், இதைப் போய்…'ன்னு ஒரே குறை. ஏழாயிரம்னாரு. அப்புறம் ஏழரை. அப்புறம் எட்டு. அதோட சத்தமே இல்ல."

ஏட்டு தொண்டையைச் செருமினார். "சரிதான் மேடம். விலை தகராறு. வாத்தியார் கோவத்துல அமுக்கிட்டார்."

வாத்தியார் வெளியறை பெஞ்சில் முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துபவர். நாணயம் சேர்ப்பதில் பித்து. அந்தப் பித்தில் இந்தக் கடைக்கு வந்துதான் மகளைப் பார்த்தார். அடுத்த மாதம் கல்யாணம். இன்று ராத்திரி லாக்கப்பில் கழியும்போல் இருந்தது.

"உள்ள போனீங்களா?"

"இல்ல. திரை விழுந்திருந்துச்சு. பேரம் நடக்கும்போது யாரும் திரையைத் தொடக் கூடாது. அது அவர் சட்டம். மகளுக்கே அதான் சட்டம். இந்த பெஞ்சுலயே உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தேன். எட்டுன்னார். அப்புறம் அமைதி. யாராவது வெளிய வருவாங்கன்னு பார்த்தேன். யாருமே வரல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு மேடம். எழுந்து போயிட்டேன்."

"மத்தியானத்துக்கு மேல உங்களைத் தவிர யாரும் கடைக்குள்ள வரலன்னு அக்கா சொல்றாங்க. உள்ள அவர் மட்டும்தானே இருந்தார். யார்கிட்ட பேரம் பேசினார்?"

வாத்தியார் திரையைத் திரும்பிப் பார்த்தார். "அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

ஏட்டு மெல்ல அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஒரு வெள்ளிக் காசு வாங்க. மூணு வாரமா பேரம். மாமா மசியவே இல்ல. சித்தப்பாதான் மத்தியானம் போன் பண்ணி, 'அண்ணன் இன்னிக்கு நல்ல மூட்ல இருக்கார், அஞ்சு மணிக்கு வாங்க, படியும்'னார்." சட்டைப்பையிலிருந்து பணக் கவரை எடுத்து நீட்டினார். வேறெதுவும் அவரிடம் இல்லை.

சித்தப்பா கடையில் பாதிப் பங்குக்காரர். அழுது முகம் வீங்கியிருந்தது. "நாலு மணிக்கே நான் டீக்கடைக்குப் போயிட்டேன். அங்க எல்லாரும் பார்த்திருக்காங்க. அண்ணன் இல்லாம எனக்குப் பேரமே பேச வராது மேடம். ஊரே சிரிக்கும்."

"ஆமாம்," என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சித்தப்பா ஒண்ணு வாங்கினா ரெண்டுல ஏமாறுவார். 'நான் பேசறதைப் பழைய போன்ல ரெக்கார்டு பண்ணி, திரும்பத் திரும்பக் கேளுடா'ன்னு அப்பாதான் சொன்னார்."

"வியாபாரத்துல சமீபத்துல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"ரெண்டு பேர் போலிக் காசுன்னு திருப்பிக் கொண்டுவந்தாங்க. அப்பாவுக்கு அவமானம் தாங்கல. யார் கை வெச்சதுன்னு தெரியும், நாளைக்குச் சொல்றேன்னார்."

"நீங்க கத்தினதும் சித்தப்பா வந்து என்ன பண்ணினார்?"

அவள் யோசித்தாள். "லைட் போடறேன்னு இரும்பு அலமாரிப் பக்கம் ஓடினார். பாவம், பதற்றம். சுவிட்ச் திரை பக்கத்துலதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒன்றின்மேல் குனிந்தார். விலைச்சீட்டு ஒட்டிய காசு ஒன்று. அதிலிருந்த ராணிக்கு மூக்கு மழுங்கிப் போய், மண்டையோடு சிரிப்பதுபோல் இருந்தது.

"இது எப்ப வந்தது?"

"போன மாசம் மேடம். அப்பா வாங்கினது. அழகா இல்லேன்னு யாரும் கேக்கல."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். வாத்தியாரின் தோளில் கை வைக்கப் போன ஏட்டைக் கண்ணாலேயே நிறுத்தினார். தையல்கார அக்காவையும் உள்ளே கூப்பிடச் சொன்னார்.

"அக்கா, நீங்க துணி வாங்கப் போனா விலை கேட்டு என்ன பண்ணுவீங்க?"

"கம்மியா கேப்பேன். அவன் ஒத்துக்கலைன்னா கொஞ்சம் ஏத்துவேன்."

"கடைக்காரன்?"

"அவன் இறங்கி வருவான். துணியை மெச்சிக்கிட்டே…" அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

"வாத்தியார்கிட்ட பெரியவர் விக்கிறவர், வாங்கறவர் இல்ல. விக்கிறவர் தன் சரக்கைத் தானே மூக்கில்லைன்னு திட்டுவாரா? ஏழு, ஏழரை, எட்டுன்னு ஏறிக்கிட்டே போவாரா? சுவருக்குப் பின்னால கேட்டது, அவர் ஒரு காசை வாங்கின பேரம். இதோ இந்தக் காசு. போன மாசமே வாங்கி விலைச்சீட்டு ஒட்டியாச்சு. ஒரே காசை மறுபடி வாங்க மனுஷனுக்குத் தேவையில்ல. பேசினது அவர் இல்ல, அவரோட பதிவு. அப்ப இந்த நாற்காலியில அவர் செத்து உட்கார்ந்திருந்தார்."

இன்ஸ்பெக்டர் இரும்பு அலமாரிப் பக்கம் நடந்தார்.

"பழைய போன்ல அலாரம் சத்தத்துக்குப் பதிலா அண்ணன் குரல். அலமாரிக்குப் பின்னால வெச்சுட்டு டீக்கடைக்குப் போனா, அஞ்சு மணிக்கு அது தானே ஒரு தடவை பேசி நின்னுடும். அந்த நேரத்துக்கு வாத்தியாரை வரவழைச்சாச்சு. திரையைத் தொட மாட்டார்னும் தெரியும். அப்புறம் லைட் போடற சாக்குல போனை எடுத்துக்கலாம்." இன்ஸ்பெக்டர் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "அத்தனை தடவை கேட்டும், உங்க அண்ணன் அதுல வாங்கறாரா விக்கறாரான்னு நீங்க கவனிக்கவே இல்லையே. அதனாலதான் பேரம் வரல உங்களுக்கு."

சித்தப்பா சட்டைக்குள் கையை விட்டார். உள்பையிலிருந்து விரிசல் விட்ட போன் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நான் போலி கலந்ததை நாளைக்கு வியாபாரிகள் சங்கத்துல சொல்லிடுவேன்னார். கால்ல விழுந்தேன். போய் டீ குடின்னு சொல்லிட்டு அவர் பாட்டுக்குத் தூங்கிட்டார் மேடம். என்னை ஒரு பொருட்டாவே…" தலையைக் குனிந்துகொண்டார். "இதை உடைச்சுப் போட்டிருக்கலாம். மனசு வரல. அவர் குரல் இனிமே இதுல மட்டும்தானே இருக்கு."

மகள் அவரைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் சட்டைக் கையை விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தாள். "இவரை விட்டுடுவீங்களா?"

"கூட்டிட்டுப் போம்மா."

அவள் நகரவில்லை. "ஒரு தடவை கேக்கட்டுமா?"

இன்ஸ்பெக்டர் தயங்கினார். கையுறை போட்ட விரலால் போனைத் தொட்டார். அலாரத்துக்காக வெட்டிய துண்டு ஒன்று, வெட்டாத முழுப் பதிவு ஒன்று என்று இரண்டு இருந்தன. முழுதையும் ஓடவிட்டார்.

இறந்தவர் பேசினார். குறை சொன்னார், ஏறினார், எட்டில் நின்றார். வெட்டிய இடம் தாண்டியது. நாற்காலி நகரும் ஓசை. யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தக் குரல் கனிந்து, மாடிக்குக் கேட்கும்படி உயர்ந்தது.

"பாப்பா! இவருக்கு ஒரு காபி கொண்டாம்மா!"

"இதோப்பா," என்றாள் மகள். சொன்ன பிறகும் கால்கள் நிற்கவில்லை, படிக்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லை. வாத்தியார் எழுந்து அவள் பின்னாலேயே படியேறினார்.