இடுப்பில் கரையாத உப்பு

1928. குந்தா ஆற்றங்கரை.

சாக்குப் படுதாவின் மேல் லூயிஸின் உடல்.

ஜெஸிந்தா அழவில்லை. அவள் பார்வை புருஷனின் இடுப்பிலேயே நின்றது.

"ராத்திரி பூராவும் ஆத்துலயே கெடந்திருக்கானுங்க. தானாக் குதிச்சுட்டான்..." தேயிலைத் தோட்டத்துக் கங்காணி லிங்கசாமி இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். "காலையில நான்தான் இழுத்துப் போட்டனுங்க."

தற்கொலை என்றால் மாதாகோயில் கல்லறைத் தோட்டத்தில் குழி கிடையாது. ஃபாதர் அதில் கறார்.

"அவரு குதிக்கலீங்க," என்றாள் ஜெஸிந்தா. "பாப்பா ஞானஸ்நானத்துக்கு லீவு கேக்க நேத்து சாயங்காலம் துரை பங்களாவுக்குப் போனாருங்க. திரும்பி வரவேயில்லீங்க."

"பங்களாப் பக்கமே அவன் வரல புள்ள," என்றான் கங்காணி.

இன்ஸ்பெக்டர் பாலசுப்பிரமணியம் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"சாட்சி இருக்காம்மா?"

அவள் குனிந்தாள். லூயிஸின் அரைஞாண் கயிற்றில் ஒரு துணிமுடிச்சு. தேயிலைக் காட்டில் அட்டை கடித்தால் தேய்க்க உப்பு. தினமும் காலையில் அவள்தான் முடிந்து கொடுப்பாள்.

அவிழ்த்தாள்.

துணியின் வெளிமடிப்பு மட்டும் ஈரம். உள்ளே... கல்லுப்பு அப்படியே இருந்தது. முனைகூட மழுங்காமல்.

"ராத்திரி பூராவும் ஆத்துல கெடந்தா இது கரைஞ்சிருக்காதுங்களா?" துணியோடு தூக்கிக் காட்டினாள். "இவரு ஆத்துல விழவேயில்லீங்க. எங்கயோ கொன்னு, இங்க கொண்டாந்து மேல தண்ணி ஊத்தியிருக்காங்க."

கங்காணி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"கெட்டிக்காரி." இன்ஸ்பெக்டர் கை நீட்டினார். "குடு, பாக்கலாம்."

நம்பிக் கொடுத்தாள்.

"துரை பங்களாவுல காலையில ரொட்டியும் முட்டையும் பிரமாதம்டா லிங்கசாமி..." என்றபடியே, கான்ஸ்டபிள் கையிலிருந்த செம்புத் தண்ணீரில் உப்பைத் துணியோடு போட்டார். விரலை விட்டுக் கலக்கினார். நிதானமாக... சர்பத் கலக்குவது போல.

"ஐயா... வேண்டாமுங்க..."

பாய்ந்தாள். கங்காணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். கடைசிக் கல் கரையும் வரை விடவில்லை.

வெறும் துணி அவள் கைக்குத் திரும்பி வந்தது.

"உப்பு ஆத்துல கரைஞ்சுபோச்சு. எழுதிக்கய்யா," என்றார் கான்ஸ்டபிளிடம். செம்பைப் புல்லில் கவிழ்த்தார்.

புல்லில் நெளிந்துகொண்டிருந்த ஓர் அட்டை சட்டென்று சுருண்டது. துடித்தது.

"கரைஞ்சா இல்லாமப் போயிருங்களா?" ஜெஸிந்தா விரல் நீட்டினாள். "அது வெறும் தண்ணின்னா, அந்த அட்டை ஏனுங்க சுருளுது?"

எல்லோரும் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலை அதன் மேல் வைத்தார். நன்றாகத் தேய்த்தார்.

"எந்த அட்டைம்மா?"