நடுத்தண்ணீரில் ஓர் எதிரொலி

நடுத்தண்ணீரில் பாறை நிற்காது. திரையில் நின்றது.

ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகல்கூட அங்கே ஏசியின் முனகலாகவும் சூடேறிய கணினிகளின் பிளாஸ்டிக் வாடையாகவும்தான் வந்துசேரும். கடலில் எண்ணெய் தேடும் கப்பல் காற்றுவெடி போடும்; ஓசை கடல்தரையிலும் அதன் கீழுள்ள பாறையடுக்குகளிலும் மோதித் திரும்பும்; கப்பல் வால்போல இழுத்துப்போகும் கேபிள்கள் அதைக் கேட்டு இங்கே அனுப்பும். அவள் அதைப் படமாக்குவாள். கப்பலில் அந்தக் கேபிள்களைக் கட்டி மேய்ப்பவன் அவளுடைய தம்பி.

காலையில் வந்த படத்தில் அந்த வடிவம், பாறைகளுக்கிடையே புதைந்த உப்புமலைக்கு அடியில் கிடந்தது. அடுத்ததில் உப்புக்குள். இப்போது கடல்தரையை விட்டே எழும்பியிருந்தது.

தலைமை ஆலோசகரைக் கூப்பிட்டாள். அவருடைய பதவிப்பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். எட்ட நின்றே பார்த்தார். ஞானிகள் கிட்டப் போவதில்லை.

"பதிவுல விழுந்த இரைச்சல்மா. கழிச்சுடு."

"மேல மேல வருதே சார்."

"இரைச்சலுக்குக் கால் முளைச்சிருக்கா? நான் பாக்காத இரைச்சலா?"

கழித்தாள். படம் துடைத்த கண்ணாடியாகப் பளிச்சிட்டது. அவர் தன் மேதைமையைத் தானே மெச்சிக்கொண்டு போனார். கழித்ததோடு நல்லதும் போய்விட்டதா என்று, கழித்ததைத் தனியாகப் போட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம். போட்டாள். பாறைகளின் மறைப்பு நீங்கிய கறுப்பில் அது மட்டும் இருந்தது. வளைந்த முதுகு. விலா விலாவாக. முகம் இருக்கவேண்டிய பக்கம், மேல்நோக்கி.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், வெடி போடுறதை உடனே நிறுத்தச் சொல்லு."

"எப்பவோ நிறுத்தியாச்சுக்கா. கேபிளை உள்ள இழுக்குறோம், கழுதை மாதிரி அடம் பிடிக்குது." சிரித்தான். "ஏன், உங்க பெரிய மூளைக்குப் படம் பத்தலையாமா?"

கப்பலிலிருந்து நேரே வரும் பதிவைத் திரையில் திறந்தாள். வெடி இல்லை. எதிரொலி மட்டும் வந்துகொண்டிருந்தது. சீராக. ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேலே.

"கேபிளை வெட்டுடா."

"என்னது?"

"வெட்டிட்டுக் கிளம்புங்க."

காற்று. யாரோ ஓடும் சத்தம். பிறகு போனுக்குள்ளிருந்தே அந்த ஓசை. கப்பலின் அடி இரும்பில், ஒரு தட்டு.

திரையில் வடிவம் ஏறியது.

இன்னொரு தட்டு. இன்னும் மேலே.

"தம்பி."

படத்தின் உச்சிக்கோடுதான் கடல்மட்டம். வடிவம் அதைத் தொட்டது. நிற்கவில்லை.