பச்சமுத்து வாங்காத அரிசி

12.3.2025, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். முதலாளியின் டிராயரில் அடித்த போனை எடுத்தேன். எடுத்ததை அவரிடமே சொல்லவும் செய்தேன். இரண்டில் எது தவறு என்று இரவு யோசிக்க வேண்டும்.

மணிமொழி டைரியில் இதை எழுதியபோது மணி பகல் 11.40.

சரியாக ஒரு மணி நேரம் கழித்து, அது சிறு தவறே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது!

முதலில் அந்த போன்...

11.10. செஞ்சி. தங்கராசு மாடர்ன் ரைஸ் மில்லின் ஆபீஸ் அறை. முதலாளி தங்கராசு நெல் ஏலம் பார்க்க மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தார். அவருடைய மேஜையின் கீழ் டிராயருக்குள்...

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

மணிமொழிக்கு இருபத்து மூன்று வயது. மில்லில் கணக்கு எழுதுகிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்ரோட்டில் டேலி வகுப்பு. எதையும் தேதியும் மணியும் போட்டு எழுதி வைப்பாள். எழுதிய பிறகு, சரியாகத்தான் எழுதினோமா என்று மூன்று முறை பார்ப்பாள்.

போன் நிற்பதாக இல்லை. டிராயரை இழுத்தாள். பழைய பட்டன் போன்.

"ஹலோ, ராஜகிரி ட்ரேடர்ஸா?"

"இல்லீங்க. இது ரைஸ் மில்லு."

எதிர்முனையில் காகிதம் புரட்டும் சத்தம்.

"மில்லா? நான் அரிசி வாங்குனவர் நம்பருக்குல்ல போட்டேன்?... மேடம், என் பேரு குரு. சென்னை ஃபைனான்ஸ் கம்பெனில வெரிஃபிகேஷன் ஆபீசர். உங்க மில்லு கடனுக்கு அரிசி வித்த பில்லு மூணு எங்க கம்பெனி வாங்கியிருக்கு..."

"அரிசிய வாங்குனீங்களா, பில்ல வாங்குனீங்களா?"

"பில்லத்தான். கடைக்காரர் அரிசிக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் பணம் தருவார். மில்லுக்கு இப்பவே பணம் வேணும். அதனால பில்ல நாங்க வாங்கிக்கிட்டு, நூத்துக்குத் தொண்ணூறு உடனே குடுத்துடுவோம். மூணு மாசம் கழிச்சு கடைக்காரர் மில்லுக்குக் கட்ட வேணாம், எங்களுக்குக் கட்டணும். அதான், அரிசி வந்து சேந்துச்சான்னு அவர் வாயால கேக்கணும்."

"எவ்ளோ ரூபாய்ங்க?"

"மூணு பில்லும் சேத்து ஒரு கோடியே பதிமூணு லட்சத்து நாப்பதாயிரம்."

எழுதிக்கொண்டாள். "கடைக்காரர் பேரு?"

"பச்சமுத்து. தகப்பனார் பேரு ஏழுமலை. நம்பர் நாலு, மாரியம்மன் கோயில் தெரு..."

பேனா நின்றது!

அது அவள் வீட்டு விலாசம்! பச்சமுத்து அவளைப் பெற்ற நைனா! இதே மில்லில் மூட்டை தூக்குகிறார்!

"மேடம்? நான் திண்டிவனத்துலதான் இருக்கேன். நாலு மணிக்கு நேர்லயே வந்து பாத்துடறேன்."

போன் கட்டானது.

11.30-க்கு தங்கராசு வந்தார். மணிமொழிக்குச் சந்தேகம்... தனக்குத்தான் ஏதோ புரியவில்லையோ? கேட்டே விட்டாள்.

"மொதலாளி, நைனா பேர்ல கட இருக்குதுன்னு யாரோ போன்ல சொல்றாங்க. நாலு மணிக்கு வராங்களாம். ஏதோ தப்பு நடந்திருக்குது."

தங்கராசுவின் முகம் ஒரு கணம் கல்லானது. பிறகு சிரித்தார்.

"அது ஒரு ஃபார்மாலிட்டிமா. டேலி படிக்கிற பொண்ணு, இதுகூடத் தெரியாதா? போ, போய் வேலயப் பாரு."

அவள் தலை குனிந்து திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் அவர் குரல்.

"பாண்டுரங்கா! இங்க வாடா."

பாண்டுரங்கன் குடோன் மேஸ்திரி. ஐந்து நிமிடம் பேசினார்கள். பிறகு முதலாளியின் கார் கிளம்பிவிட்டது.

12.40.

"ஐயோ! மூட்ட அட்டி சரிஞ்சுட்ச்சு! பச்சமுத்து உள்ள மாட்டிக்கினான்!"

மணிமொழி ஓடினாள். பன்னிரண்டு வரிசை உயரத்துக்கு அடுக்கியிருந்த மூட்டைகள் மொத்தமாகச் சரிந்து கிடந்தன. அடியில் ஒரு கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலில் அவள் போன பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு...

"நைனா!"

இழுத்து எடுத்தபோது பச்சமுத்துவுக்குப் பேச்சு மூச்சு இல்லை. மூக்கில் ரத்தம். ஒரு மினி லாரியில் போட்டுக்கொண்டு பறந்தார்கள்.

மேஸ்திரி பாண்டுரங்கன் மட்டும் கூட வரவில்லை. குடோன் மூலையில் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தான்.

1.45. அரசு ஆஸ்பத்திரி.

பச்சமுத்து கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்!

"அழுவாத கண்ணு. கை எலும்பு ஒண்ணு வுட்டுப்போச்சாம். மூச்சு அடச்சு மயக்கமாயிட்டேன். அவ்ளோதான்."

"முப்பது மூட்ட மேல வுழுந்திருக்குது நைனா! எழுவத்தஞ்சு கிலோ மூட்ட!"

"அதான் நானும் யோசிக்கிறேன். அரிசி மூட்ட வுழுந்திருந்தா என்னிய நீ மொறத்துலதான் வாரிக்கினு வந்திருக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "அது அரிசி இல்ல மணி. உமி. முப்பது வருஷமா தோள்ல தூக்குறேன், எனக்குத் தெரியாதா? அட்டி தானாவும் சரியல. மேல பாண்டுரங்கன் நின்னுக்கினு இருந்தான். கையில கடப்பாற."

அவள் பையிலிருந்து டைரியை எடுத்து எழுதிக்கொண்டாள்.

"நைனா, மொதலாளிகிட்ட ஏதாவது கையெழுத்துப் போட்டியா?"

"போன வருஷம் பி.எஃப். எடுத்துத் தரேன்னு ஆதார் கார்டு வாங்கினாரு. போன்ல ஒரு நம்பர் வரும், சொல்லுன்னாரு. சொன்னேன். ஏன்?"

சொன்னாள். முழுவதும். அந்த ஆதாரை வைத்துத்தான் அவர் பெயரில் கடை பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும்.

பச்சமுத்து டீயைக் கீழே வைத்தார்.

"ஒரு கோடி நான் குடுக்கணுமா? நானா? ஒரு நாளைக்கு எண்ணூறு ரூவா கூலிக்கு... அந்தப் பணத்த அவன் வாங்கித் தின்னுட்டானா?"

"ஆமா. நாலு மணிக்கு ஆபீசர் வராரு. நீ உயிரோட இருந்தா நான் அரிசி வாங்கலன்னு சொல்லிடுவ. செத்துட்டா? கடைக்காரன் செத்துட்டான், பில்லு உண்மைன்னு மொதலாளி சொல்லிடுவாரு. அப்புறம் நம்ம வீடு, அந்த அரைக் காணி நிலம் எல்லாம் ஜப்தி!"

"டேய் தங்கராசு!" பச்சமுத்து எழுந்து நின்றுவிட்டார். நர்ஸ் ஓடி வந்து உட்கார வைத்தாள்.

2.30. போலீஸ் ஸ்டேஷன். சப் இன்ஸ்பெக்டர் அமலோற்பவம் டைரியை இரண்டு முறை படித்தார்.

"சர்வீஸ்ல அருவா பாத்திருக்கேன், விஷம் பாத்திருக்கேன். உமி மூட்டைய இப்பத்தான் பாக்குறேன். ஆனா சாட்சி? அட்டி தானா சரிஞ்சுதுன்னுவான்."

"மேடம்... தப்பா இருந்தா சொல்லுங்க." மணிமொழி தயங்கினாள். "நைனா பொழச்சது மொதலாளிக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

அமலோற்பவம் தொப்பியை எடுத்தார்.

"நல்லா தெரிஞ்சுதான் பேசுற. அப்புறம் இன்னாத்துக்கு இந்தத் தயக்கம்? வா."

4.00. மில்.

குரு வந்திருந்தார். ஒல்லியான ஆள். தோளில் லேப்டாப் பை. தங்கராசு முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு பாண்டுரங்கனோடு வாசலுக்கு வந்தார்.

"பச்சமுத்து விஷயமா வந்தேன்," என்றார் அமலோற்பவம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பாவம் மேடம்! மூட்ட தூக்கி, சொந்தமா கட வெக்கிற அளவுக்கு முன்னேறி வந்தான். இப்படிப் பொசுக்குன்னு போய்ச் சேந்துட்டான். சாவுச் செலவெல்லாம் என்னுது."

யாரும் சாவு என்று சொல்லவே இல்லை!

குரு கேட்டார். "அப்ப மூணு பில்லும் உண்மையா சார்?"

"சத்தியமா சார்! அவன் வாங்குன அரிசி அத்தனையும் என் குடோன்லதான் இருக்குது. கடையில எடம் பத்தலன்னு இங்கயே வெச்சிருந்தான்."

"அப்ப அது எங்க நைனாவோட அரிசி," என்றாள் மணிமொழி.

"ஆமாமா..."

"மூவாயிரத்து முந்நூத்து அறுவது மூட்ட. எடுத்துக்கறோம் மொதலாளி. லாரி வெளிய நிக்குது. கமிட்டி லோடுமேனுங்க இருவது பேரு வந்திருக்காங்க."

தங்கராசுவின் நெற்றியில் வேர்வை!

தர மாட்டேன் என்றால் பில் பொய். தருகிறேன் என்றால்... குருவைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"தாராளமா எடுத்துக்கோ. வாரிசு நீதான? அரிசி பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கோ."

காகிதம் வந்தது. பேனாவும் வந்தது. கையெழுத்துப் போட்டால் கடன் உண்மையாகிவிடும்!

அவள் பேனாவை வாங்கவில்லை. மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி சுவரில் மாட்டியிருந்தது, அதை எடுத்தாள்.

"எண்ணி, குத்திப் பாத்துட்டுப் போடறேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான மொதலாளி?"

எல்லோரும் குடோனுக்குப் போனார்கள். முதல் மூட்டை. உமி. இரண்டாவது. உமி. அடுத்த அட்டி. முன் வரிசையில் அரிசி, பின்னால் எல்லாம் உமி!

குரு கை நிறைய அள்ளிப் பார்த்தார். "இதுக்காடா ஒரு கோடி குடுத்தோம்?"

"எவனோ மாத்தியிருக்கான் சார்! எனக்கு ஒண்ணுமே..."

"மொதலாளி!"

குடோன் வாசலில் நின்ற லாரியின் கேபினிலிருந்து ஒரு ஆள் இறங்கினார். கழுத்திலிருந்து தொங்கும் கட்டில் ஒரு கை. மூக்கில் பஞ்சு.

"எனக்கு சாவுச் செலவு குடுக்கறீங்களாமே? கையிலயே குடுத்துடுங்க. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல போவணும்."

தங்கராசுவின் வாய் திறந்தபடி நின்றது. சட்டென்று கழுத்து பின்பக்கம் திரும்பியது.

"டேய் பாண்டுரங்கா! முடிஞ்சுதுன்னு சொன்னியேடா! அரிசி அட்டியத் தள்ளுடான்னா உமி அட்டியத் தள்ளி வெச்சிருக்கியே... அறிவு இருக்குதாடா உனக்கு?"

பாண்டுரங்கன் அழுதே விட்டான்.

"அரிசி அட்டி அசையவே இல்ல மொதலாளி! ஒத்த ஆளா எப்படி நெம்பறது? ரெண்டு ஆளு குடுங்கன்னு கேட்டேன், கூலி ஜாஸ்தின்னு நீங்கதான்..."



அமலோற்பவம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. மெதுவா. எழுதிக்கறேன்."

5.15. ஜீப் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. மில்லுக்கு சீல். லோடுமேன்கள் பச்சமுத்துவைச் சுற்றி நின்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள்.

குரு மட்டும் போனோடு வேப்ப மரத்தடியில் நின்றார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க? பில்ல கேன்சல் பண்ணச் சொன்னீங்களா?" என்றாள் மணிமொழி.

"சொன்னேன்... வெள்ளிக்கிழமைதான் விக்கறதா இருந்துச்சு. இன்னைக்குக் காலையிலயே வித்துட்டாங்களாம்."

"எத?"

"உங்க நைனா பில்ல. அது மாதிரி நானூறு பில்லு. எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டி, துண்டு துண்டாப் பங்கு போட்டு, மும்பைல வித்துட்டாங்க. பணமும் வந்துடுச்சு."

"நீங்க இன்னும் வெரிஃபிகேஷனே முடிக்கலியே?"

"நான் முடிக்கறதுக்குள்ள விக்கறதுதான் எங்க மேனேஜரோட திறம."

"யாரு வாங்குனாங்க?"

"தெரியாது. என்ன வாங்குனோம்னு அவங்களுக்கும் தெரியாது. பென்ஷன் பணமா இருக்கும், யாரோட சேமிப்பாவோ இருக்கும்..."

"கொல்லப் பாத்தவர ஜீப்ல ஏத்திட்டாங்க." மணிமொழியின் குரல் உயர்ந்தது. அவள் அப்படிக் கத்தி அந்த மில்லில் யாரும் கேட்டதில்லை. "பாக்காம வாங்கி, பாக்காம வித்தாங்களே, அவங்கள எந்த ஜீப்ல ஏத்தறது? சொல்லுங்க சார்! எங்க நைனா பேர எவன் எவனோ பாக்கெட்ல வெச்சிருக்கான்!"

குரு தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்ததை எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன் மேடம். மும்பைல அந்தக் கட்டப் பாத்துக்கற கம்பெனி விலாசமும் தரேன். வேல போனா போவுது. அத வெச்சு நீங்க மறுத்து லெட்டர் போட்டா, அவங்களால உங்ககிட்ட வசூல் பண்ண முடியாது."

பச்சமுத்து கட்டுப்போட்ட கையோடு வந்தார்.

"இன்னா, இன்னும் கடன்காரந்தானா நானு?"

"லெட்டர் போய்ச் சேர்ற வரைக்கும்," என்றார் குரு.

"அப்ப இந்த லோடுமேன் பசங்ககிட்ட என்னிய வாடா போடான்னு கூப்புட வேணாம்னு சொல்லு மணி. ஒரு கோடி கடன் இருந்தா சாருன்னுதான் கூப்புடணும்."

மணிமொழி சிரித்தாள். பிறகு டைரியைத் திறந்து, எழுதி, மூன்று முறை சரிபார்த்தாள்.

நாளை. காலை 9.00: ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குவது. 9.30: குருவின் கடிதம், மூன்று பிரதி ஜெராக்ஸ். 10.00: தபால் ஆபீஸ், மும்பைக்கும் சென்னைக்கும் பதிவுத் தபால். அனுப்புநர்: பச்சமுத்து, ஒரு கோடியே பதிமூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கடன்காரர். ஸ்டாம்புக்கு யாரிடமாவது நூறு ரூபாய் கடன் கேட்க வேண்டும்.