மகாராணியின் ஹெட்லைட்

மணி மூன்றரை. ஐந்து மணிக்குப் பழைய கார்களின் ஊர்வலம். மாமாவின் காருக்கு இன்னும் ஹெட்லைட் எரியவில்லை!

அறுபது வயதான அந்தக் காருக்கு மாமா வைத்த பெயர் மகாராணி. இரண்டு வருடமாகக் கழற்றி, மாட்டி, பச்சை பெயின்ட் அடித்து, இன்றுதான் தெருவில் இறக்கப்போகிறார். ஆனால் லைட் எரியாத காரை ஊர்வலத்தில் சேர்க்க மாட்டார்களாம்.

மாமாவின் அக்கா எலக்ட்ரீஷியன். எலி கடித்த ஒயர்களை எல்லாம் காலையிலிருந்து மாற்றிவிட்டார். அவருடைய பத்து வயது மகள் வாண்டுதான் ஒயர் நுனிகளைச் சீவிக் கொடுத்தாள்.

"ஸ்விட்சைப் போடுடா!" என்றார் வாண்டுவின் அம்மா.

மாமா போட்டார். ம்ஹூம்.

"பல்பு போச்சாக்கா?"

"புது பல்புடா."

"அப்ப ஒயரு?"

"அதுவும் புதுசு. அக்காவும் புதுசா வேணுமா?"

அம்மா சோதனை பல்பை எடுத்தார். அதன் ஒரு முனையை ஹெட்லைட்டுக்கு வரும் ஒயரிலும், மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"கரன்ட் வருதே! அப்புறம் என்ன கேடு இதுக்கு?"

மாமாவோ, அக்காவின் விரல் பட்ட இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மகாராணி மேல் ஓர் ஈ உட்கார்ந்தால்கூட அவருக்குப் பொறுக்காது.

"நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று வாண்டு சோதனை பல்பை வாங்கினாள். மறுமுனையை பேட்டரியில் வைக்காமல் காரின் உடம்பில் வைத்தாள். எரியவில்லை. பேட்டரியில் வைத்தாள். எரிந்தது.

"அம்மா, கரன்ட் வருது, சரி. திரும்பிப் போக வழி எது?"

"காரோட இரும்பு உடம்புதான். இதோ, இந்தக் கறுப்பு ஒயரை போல்ட் போட்டு அதுல முடுக்கி..." அம்மா பாதியில் நிறுத்தினார்.

"மாமா, போல்ட் உட்கார்ற இடத்துலயும் பெயின்ட் அடிச்சீங்களா?"

"பின்னே? மூணு கோட்டு!"

"பெயின்ட் வழியா கரன்ட் போகாதே!"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "மூணு கோட்டு அடிச்சு வழியை அடைச்சிட்டியேடா! சுரண்டித்தான் ஆகணும்."

மாமாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "என் பெயின்டையா? ஊர்வலமே வேணாம், போங்க!"

வாண்டுவுக்குப் பாவமாக இருந்தது. "போல்ட் மறைக்கிற அளவுக்குத்தான் மாமா. வெளியே ஒரு பொட்டுகூடத் தெரியாது. பென்சில்ல கோடு போட்டுக்கிறேன். அதைத் தாண்டினா என் காதைத் திருகுங்க."

மாமா யோசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, செய். என்னால பார்க்க முடியாது." காருக்கு முன்னால் இருந்த ஷெட் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்குள்ளேயே உப்புத்தாளால் தேய்த்தாள். இரண்டு ஹெட்லைட்டின் போல்ட் இடத்திலும் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. அம்மா போல்ட்டுகளை முடுக்கினார்.

"ஆச்சா?" என்றது மாமாவின் முதுகு.

"திரும்பாதீங்க மாமா!"

வாண்டு ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டாள். அரையிருட்டாக இருந்த சுவரில் இரண்டு பெரிய மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. நடுவில் மாமாவின் நிழல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தது!

"எரியுது! எரியுது! ஏறு வாண்டு, முன்சீட்டு உனக்குத்தான்!"

சரியாக ஐந்து மணிக்கு மகாராணி ஊர்வலத்தில் நின்றாள். நல்ல வெயில். ஆனாலும் இரண்டு ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருந்தன. யார் சொல்லியும் வாண்டு அணைக்கவில்லை.